வார்ப்பிரும்பு தோசைக்கல்: எண்ணெய்ப் பூச்சும் அதைத் தாங்கும் இரும்பும்

கோயம்புத்தூரில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய, 28 செ.மீ. விட்டமும் 4 மி.மீ. கனமும் கொண்ட வார்ப்பிரும்பு தோசைக்கல்லைப் பற்றிய மதிப்புரை இது. கல்லின் அடியில் எந்த நிறுவனத்தின் பெயரும் வார்க்கப்படவில்லை; அளவைக் குறிக்கும் எண் மட்டும் புடைப்பாக இருக்கிறது. நகரையொட்டிய ஒரு சிறு பவுண்டரியில் வார்த்தது என்றும், அங்கே பம்பு உறுப்புகளை வார்ப்பதே முதன்மையான வேலை என்றும், தோசைக்கல்லும் பணியாரக்கல்லும் இடையிடையே வார்க்கப்படுகின்றன என்றும் கடைக்காரர் சொன்னார். மேற்பரப்பு லேத்தில் கடையப்பட்டு, எண்ணெய் தடவி அடுப்பறையில் சுட்டு, பழக்கிய நிலையிலேயே கல் விற்பனைக்கு வருகிறது. வாங்கிய அன்றே தோசை வார்க்கலாம் என்பதே இதற்குச் சொல்லப்படும் சிறப்பு.

இப்படிப்பட்ட கல்லை மதிப்பிடும்போது பெரும்பாலோர் பூச்சை மட்டுமே பார்க்கிறார்கள். கறுப்பாகவும் வழவழப்பாகவும் ஒரே சீராகவும் இருந்தால் நல்ல கல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வார்ப்புகளின் தர ஆய்வில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. பூச்சு தேயும், உரியும், மறுபடியும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு அடியில் உள்ள இரும்பு எப்படி உறைந்தது என்பது அச்சில் ஊற்றிய சில நிமிடங்களுக்குள் முடிவாகிவிடுகிறது, அதன் பிறகு வீட்டில் யாராலும் அதை மாற்ற இயலாது. எந்தப் பூச்சு எவ்வளவு காலம் பிடித்து நிற்கும் என்பதும் பெரும்பாலும் அந்த உறைவைப் பொறுத்ததே. ஆகையால் இங்கே இரும்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; ஒப்பீட்டுக்காகச் சமையலறையில் உடன் வைத்துப் பார்த்த, வேறொரு நிறுவனத்தின் எனாமல் பூசிய வார்ப்பிரும்புக் கடாயைப் பற்றியும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

சாம்பல் வார்ப்பிரும்பில் எடையளவில் ஏறத்தாழ 2.5 முதல் 4 விழுக்காடு வரை கார்பனும், 1 முதல் 3 விழுக்காடு வரை சிலிக்கனும் இருக்கும். உருகிய இரும்பில் கரைந்து கிடக்கும் இந்தக் கார்பன், 1150 டிகிரி செல்சியஸை ஒட்டி இரும்பு உறையும்போது, இரண்டு வழிகளில் ஒன்றை எடுக்கிறது. குளிர்ச்சி நிதானமாக இருந்தால், சிலிக்கனின் உதவியோடு கிராஃபைட்டாகப் பிரிந்து, மெல்லிய செதில்களாக வளர்கிறது. குளிர்ச்சி விரைவாக இருந்தால், இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்னும் மிகக் கடினமான கார்பைடாகிவிடுகிறது. முதல் வகையை உடைத்துப் பார்த்தால் முறிந்த முகம் சாம்பல் நிறமாக இருக்கும். இரண்டாவது வெள்ளையாகப் பளபளக்கும். செதில்கள் நுண்ணோக்கியில் தனித்தனிக் கோடுகளாகத் தெரிந்தாலும், உள்ளே அவை ஒரே மையத்திலிருந்து விரியும் முட்டைக்கோஸ் இலைகளைப்போல ஒன்றோடொன்று இணைந்தவை. கிராஃபைட் எடை குறைந்த பொருள் என்பதால், கொள்ளளவில் பார்த்தால் கல்லின் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவுக்கு அதுவே நிறைந்திருக்கிறது.

தோசைக்கல்லின் நல்ல குணங்களும் கெட்ட குணங்களும் அந்தப் பத்தில் ஒரு பங்கிலிருந்தே வருகின்றன. கிராஃபைட் தன் படலங்களின் வாக்கில் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆகையால் சாம்பல் வார்ப்பிரும்பின் வெப்பக் கடத்துதிறன் எவர்சில்வரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்குதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செதில்கள் இருப்பதால்தான் லேத்தில் வெட்டும்போது இரும்பு தூளாக உதிர்ந்து, உளிக்குச் சிரமம் தராமல் வழிவிடுகிறது. அதே செதில்கள் இரும்புக்குள் ஏராளமான கூர்முனை விரிசல்களைப்போல நிற்பதால், இழுவிசையை இது தாங்காது. கீழே விழுந்தால் வளையாமல் உடையும், சூடாக இருக்கும்போது தண்ணீரைக் கொட்டினால் வெடிக்கும்.

உடையாத இரும்பு வேண்டுமென்றால் மெக்னீசியம் சேர்த்து, கிராஃபைட்டைச் செதில்களாக விடாமல் உருண்டைகளாக வளர்க்கும் முறை இருக்கிறது. 1948-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்ட அந்த முறையில் வார்த்ததை நம் பவுண்டரிகளில் எஸ்.ஜி. அயர்ன் என்பார்கள். குழாய்களுக்கும் வாகன உறுப்புகளுக்கும் அது அருமையான பொருள். தோசைக்கல்லுக்கும் அதையே பயன்படுத்தினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. உருண்டைகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்பதால் அதன் வெப்பக் கடத்தல் குறைந்துவிடுகிறது, விலையும் கூடுகிறது. கல்லைக் கவனமாகக் கையாளும் வீட்டுக்குச் செதில் கிராஃபைட்டே பொருத்தம் என்பது என் கருத்து.

கனத்தைப் பற்றி ஒரு கணக்கு. 28 செ.மீ. விட்டமும் 4 மி.மீ. கனமும் உள்ள வட்டத் தட்டு, வார்ப்பிரும்பின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால், கைப்பிடியை விட்டுவிட்டு ஏறத்தாழ 1.75 கிலோ இருக்க வேண்டும். அதே விட்டத்தில் 1.6 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டுக் கல் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு தோசை வேகும்போது மாவிலிருந்து 30 கிராம் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய வெப்பம் முழுவதையும் கல்லே தருவதாகக் கணக்கிட்டால், வார்ப்பிரும்புக் கல்லின் சூடு 80 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இறங்கும்; தகட்டுக் கல்லின் சூடோ 180 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அடுப்பு தொடர்ந்து எரிவதால் நடைமுறையில் இவ்வளவு வீழ்ச்சி இருக்காது. இருந்தாலும், அடுத்தடுத்து வார்க்கும் தோசைகள் முதல் தோசையைப்போலவே முறுகலாக வருவதற்கு எது காரணம் என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது. நான் வாங்கிய கல் இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் பெறுகிறது. வீடு நிறைய விருந்தினர் இருந்த நாளிலும் மாவு ஊற்றியதும் எழும் சுர்ரென்ற ஒலி மந்தமாகவே இல்லை.

இனி உள்ளமைப்பு. இதே தொகுதியில் வார்க்கப்பட்டு, மேற்பக்கம் கடைந்த பிறகு காது உடைந்ததால் கழிக்கப்பட்ட கல் ஒன்றைக் கடைக்காரர் மூலமாகப் பெற்று, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிபோல மெருகேற்றி, முதலில் அமிலம் படாமலும் பிறகு நைட்டல் என்னும் நைட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்தும் நுண்ணோக்கியில் பார்த்தேன். இந்தத் துண்டின் ஒரு பக்கம் உளி பட்டது, மறுபக்கம் அச்சு மணலைத் தொட்டபடி உறைந்த தோல். ஆகையால் இரண்டையும் அருகருகே பார்க்க முடிந்தது.

நடுப்பகுதியில் கிராஃபைட் ஏ வகையாக, அதாவது எந்தத் திசையையும் சாராமல் பரவலாக, 0.1 மி.மீ. நீளத்தை ஒட்டிய செதில்களாக இருந்தது. செதில்களைச் சூழ்ந்த தளம் பெரும்பாலும் பெர்லைட். அதாவது ஃபெரைட் என்னும், ஏறத்தாழத் தூய, மென்மையான இரும்பும் கடினமான சிமென்டைட்டும் மாறி மாறி அடுக்கப்பட்ட அமைப்பு. செதில்களின் ஓரங்களில் மட்டும் ஃபெரைட் வெண்மையாக ஒதுங்கியிருந்தது. அடிப்பக்கத் தோலை நெருங்க நெருங்கச் செதில்கள் பொடியாகி, டி வகை எனப்படும் நுண்ணிய பின்னலாக மாறின. அங்கே தளமும் ஃபெரைட்டாகிவிட்டது. மணலைத் தொட்ட இடத்தில் உலோகம் விரைந்து குளிர்ந்ததன் அடையாளம் இது. செதில்கள் நெருக்கமாக இருப்பதால், பிறகு கல் மெல்ல ஆறும்போது கார்பன் எளிதில் அவற்றைச் சென்று சேர்ந்துவிடுகிறது. தளத்தில் ஃபெரைட் மிஞ்சுகிறது. இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். மெல்லிய வார்ப்புகளில் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

நான் உண்மையில் தேடியது வெள்ளை இரும்பை. துண்டின் எந்தப் பகுதியிலும், காதின் மெல்லிய முனையிலும்கூட, தனித்த கார்பைடு கட்டிகள் தென்படவில்லை. இதன் அருமையை விளக்கிச் சொல்ல வேண்டும். 5 மி.மீ. கனத்தில் வார்த்து 1 மி.மீ. கடைந்தெடுக்கும் இவ்வளவு மெல்லிய தட்டு, ஈர மணல் அச்சில் மிக வேகமாகக் குளிரும். பம்பு உறுப்புக்கு உருக்கிய அதே கலவையை அப்படியே தோசைக்கல் அச்சில் ஊற்றினால், விளிம்பும் காதும் வெள்ளை இரும்பாக உறைந்துவிடும் வாய்ப்பு மிகுதி. கார்பனையும் சிலிக்கனையும் கூட்டி வைத்து, ஊற்றுவதற்குச் சற்று முன்பு ஃபெரோசிலிக்கன் பொடியைக் கலந்து, கிராஃபைட் முளைப்பதற்கான கருக்களைத் தூண்டிவிட வேண்டும். அந்தத் தூண்டுதலின் வீரியம் சில நிமிடங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். வரிசையில் கடைசியாக இருக்கும் அச்சுக்குக் கரண்டி போய்ச் சேரத் தாமதமானால், முதல் கல் சாம்பலாகவும் கடைசிக் கல் ஓரத்தில் வெள்ளையாகவும் முடியும். இந்தக் கல்லை வார்த்தவர்கள் அந்த நேரக்கணக்கைத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறார்கள். பெயர்கூடப் பொறிக்காமல் விற்கப்படும் ஒரு பொருளில் இவ்வளவு ஒழுங்கைக் கண்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

வாங்குவோரிடம் நுண்ணோக்கி இருக்காது. ஆயினும் கடைந்த விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். வெள்ளை இரும்பு உள்ள இடத்தில் உளி வழுக்கி, சுற்றியுள்ள மங்கிய சாம்பலுக்கு நடுவே சற்றுப் புடைத்த, பளிச்சென்ற திட்டு நிற்கும். அத்தகைய திட்டுள்ள கல்லைத் தவிர்ப்பது நல்லது. அங்கே எண்ணெய்ப் பூச்சு சரியாகப் பிடிக்காது, விரிசலும் அங்கிருந்தே தொடங்கக்கூடும். தட்டிப் பார்க்கும் பழக்கமும் பொருளற்றதன்று. விரிசல் உள்ள கல் ஓட்டை ஒலி எழுப்பும். ஆனால் நல்ல கல் மணிபோல நீண்டு ஒலிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல, ஏனெனில் செதில் கிராஃபைட் அதிர்வை விழுங்கிவிடும். நெடுநேரம் கணீரென்று ஒலித்தால் அது தகட்டுக் கல்லாகவோ வெள்ளை இரும்பு மிகுந்த கல்லாகவோ இருக்கிறதா என்றுதான் ஐயப்பட வேண்டும்.

கடைந்த மேற்பரப்பைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. உளி ஒவ்வொரு சுற்றுக்கும் நகரும் தூரத்தைக் கூட்டி வைத்து வேலையை விரைவாக முடித்திருக்கிறார்கள். அதனால் நடுவிலிருந்து விளிம்பு வரை வட்ட வட்டமான கோடுகள் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருக்கின்றன. ஓரளவு கோடு இருப்பது எண்ணெய்ப் படலத்துக்குப் பிடிமானம் தரும். இந்தக் கல்லில் அது தேவைக்கு மேல். ரவா தோசையின் மெல்லிய மாவு கோட்டுக்குள் இறங்கி ஒட்டிக்கொள்வதையும், தோசைத் திருப்பி கோடுகளின் முகட்டில் உரசி அங்கே மட்டும் பூச்சைத் தேய்த்துவிடுவதையும் கண்டேன். இரண்டாம் முறையாக ஒரு மெல்லிய வெட்டு ஓட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

இருந்தாலும், கடைந்த பரப்பில் தோலை நீக்கி ஏ வகைச் செதில்களை வெளியே கொண்டுவந்திருப்பது பூச்சுக்கு நன்மையே செய்கிறது. மெருகேற்றாத கடைந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், உளி இழுத்துச் சென்ற செதில்களின் இடத்தில் மிக நுண்ணிய பள்ளங்கள் சிதறிக் கிடக்கின்றன. எண்ணெய் அவற்றுக்குள் இறங்கி, அங்கேயே கெட்டியாகி, வேர்விட்டு நிற்கிறது. எவர்சில்வர் தட்டில் எவ்வளவு பழக்கினாலும் எண்ணெய்ப் படலம் எளிதில் உரிந்துவிடுவதற்கும், வார்ப்பிரும்பில் தங்கிவிடுவதற்கும் இந்தப் பள்ளங்கள் ஒரு காரணம். ஆலையிலேயே பழக்கி விற்கும் வழக்கம் பெரிய அளவில் பரவியது அண்மையில்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1896 முதல் வார்ப்பிரும்புப் பாத்திரம் செய்துவரும் லாட்ஜ் நிறுவனம் 2002-இல்தான் அதைத் தொடங்கியது. சோயா எண்ணெயைத் தெளித்து உயர்ந்த சூட்டில் சுடுவது அவர்கள் முறை. அவர்கள் மணல் அச்சின் சொரசொரப்பைக் கடையாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீர்த்த மாவைத் தேய்த்துப் பரப்ப வேண்டிய தோசைக்கு அந்தச் சொரசொரப்பு ஒத்துவராது. நம் ஊர்க் கற்களைக் கடைவது தேவையான வேலையே.

எண்ணெய்ப் பூச்சு என்று சொன்னாலும், சுட்ட பிறகு அது எண்ணெயாக இருப்பதில்லை. எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றின் ஆக்சிஜன் தாக்க, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, கரையாத பிசினாகிவிடுகின்றன. சூடு மேலும் ஏறும்போது அதில் ஒரு பகுதி கரியாகிறது. பிணைப்புகள் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு எளிதாக எண்ணெய் இறுகும். அதை அளக்கும் அயோடின் மதிப்பு தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 6 முதல் 11 வரைதான்; நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை; ஆளி விதை எண்ணெய்க்கு 170-க்கும் மேல். தேங்காய் எண்ணெய் தடவிப் பழக்கிய கல் ஏன் நெடுநாள் பிசுபிசுப்பாகவே இருக்கிறது என்பதற்கு இந்த எண்களே விடை. ஆளி விதை எண்ணெய் விரைவில் பளபளப்பான படலத்தைத் தந்தாலும், அந்தப் படலம் விறைப்பானது. கல் சூடேறிக் குளிரும்போது செதில் செதிலாக உரியக் காண்கிறோம். நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எள்ளில் இயல்பாக உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அது இறுகுவதைச் சற்றே தாமதப்படுத்துவதால் நல்ல சூடு வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கல்லின் ஆலைப் பூச்சு மேற்பக்கத்தில் நன்றாகவே அமைந்திருந்தது. மெல்லியதாக, கைக்கு ஒட்டாததாக, வெள்ளைத் துணியில் துடைத்தால் மெல்லிய சாம்பல் சாயம் மட்டும் படிவதாக இருந்தது. அந்தச் சாம்பல் கிராஃபைட்டும் கரித்தூளும் கலந்தது, அஞ்ச வேண்டியதில்லை. அடிப்பக்கம் அப்படி இல்லை. எண்ணெயை வழிய விட்டுச் சுட்டிருப்பதால் விளிம்பையொட்டித் துளித் துளியாகக் கெட்டியாகி, தொட்டால் பிசுபிசுத்தது. முதன்முதலாக அடுப்பில் ஏற்றியபோது புகைந்து வீடு முழுவதும் காறல் வாடை பரவியது. தடவிய பிறகு துணியால் துடைத்தெடுத்து, தடவியதே தெரியாத அளவுக்கு மெல்லியதாக்கிச் சுட வேண்டும் என்பது பழக்குவதன் முதல் விதி. மேற்பக்கத்தில் அதைக் கடைப்பிடித்தவர்கள், பார்வைக்குத் தெரியாத பக்கம் என்பதால் அடியை விட்டிருக்கிறார்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்து, சிறு தீயில் நெடுநேரம் சூடாக்கிய பிறகு அது இறுகிச் சரியாயிற்று.

வாங்கிய அன்றே தோசை வார்க்கலாம் என்ற உறுதிமொழி பாதி உண்மை. எண்ணெய் சற்று தாராளமாக விட்டு ஊத்தப்பமும் அடையும் அன்றே பிசிறில்லாமல் எடுக்க முடிந்தது. மெல்லிய முறுகல் தோசைக்கு அந்த ஒற்றைப் பூச்சு போதவில்லை. நல்லெண்ணெயை மெல்லியதாகத் துடைத்து, புகை எழுந்து அடங்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் அதையே செய்து படலங்களை ஏற்றிய பிறகுதான் கல் தன் முழுத் தகுதியைக் காட்டியது. வடிகஞ்சியில் ஊறவைத்துப் பிறகு வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கும் வீட்டுமுறையைப் பூச்சில்லாத புதுக் கல்லுக்குத் தாராளமாகச் செய்யலாம். புளித்த கஞ்சியின் மென்மையான அமிலம் மேலோட்டமான துருவைக் கரைக்கிறது. ஆலையில் பழக்கிய இந்தக் கல்லுக்கு அது வேண்டாம். அதே அமிலமும் நெடுநேர ஈரமும் இருக்கும் பூச்சைத் தளர்த்திவிடும்.

துருவைப் பற்றிச் சொல்லும்போது கிராஃபைட்டின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். இரும்பும் கிராஃபைட்டும் ஈரத்தில் சேர்ந்து நின்றால் அவை ஒரு நுண்ணிய மின்கலமாக இயங்குகின்றன. கிராஃபைட் கரைவதில்லை; அதற்குப் பதிலாக அதைச் சுற்றியுள்ள இரும்பு கரைகிறது. மண்ணில் புதைத்த பழைய வார்ப்பிரும்புக் குழாய்களில் இரும்பு முழுவதும் கரைந்துபோய், கிராஃபைட்டின் கூடு மட்டும் குழாயின் வடிவத்திலேயே நின்று, கத்தியால் சுரண்டும் அளவுக்கு மென்மையாகிவிடுவதுண்டு. தோசைக்கல்லில் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் பூச்சு தேய்ந்த இடத்தில் உப்புத் தண்ணீர் இரவு முழுவதும் நின்றால் காலையில் செம்புள்ளிகள் தெரிவது இதனால்தான். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். புளியும் தக்காளியும் சேர்ந்த எதையும் இதில் கொதிக்க வைக்கக் கூடாது. படலம் அரிக்கப்படும், குழம்பு கறுத்து இரும்புச் சுவை ஏறும்.

புளிக் குழம்புக்குத்தான் எனாமல் கடாய். எனாமல் என்பது இரும்பின் மேல் ஏறக்குறைய 750 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் உருக்கிப் பதித்த கண்ணாடி. அதை அமிலம் தொடாது, துருவும் அண்டாது. இந்தப் பூச்சுக்கு அடியில் உள்ள இரும்பின் நுண்ணமைப்பு எண்ணெய்ப் பூச்சுக்கு உள்ளதைவிடவும் முதன்மையானது. அந்தச் சூட்டில் மேற்பரப்பில் உள்ள கார்பைடு சிதைந்து, அதன் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகிறது. அது பாதி உருகிய கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்போது கொப்புளமும் ஊசித்துளையும் விட்டுச் செல்கிறது. ஆகவே எனாமலுக்கான வார்ப்பில் வெள்ளை இரும்பு அறவே இருக்கக் கூடாது. ஃபெரைட் மிகுந்த தளமே விரும்பப்படும். மேலே நிற்கும் கிராஃபைட்டையும் மணல் கலந்த தோலையும் குருணை வீசிச் சுத்தமாக நீக்க வேண்டும். அதோடு, குளிரும்போது கண்ணாடி இரும்பைவிடச் சற்றே குறைவாகச் சுருங்கும்படி கலவையை அமைத்தால்தான் அது எப்போதும் அமுக்கத்தில் இருந்து விரிசல் விடாமல் நிற்கும். பிரான்சின் வடக்கே ஃப்ரெனுவா-லெ-கிரான் ஊரில் 1925-இல் லெ க்ரூசே நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் வார்ப்பில் தேர்ந்தவர், மற்றவர் எனாமலில் தேர்ந்தவர். இந்தத் தொழிலுக்கு அந்த இரு அறிவும் ஒரே கூரையின்கீழ் இருந்தாக வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நான் ஒப்பிட்ட கடாயின் உட்பக்கம் குறையற்றது. விளிம்பையொட்டிய மெல்லிய பகுதியில் மட்டும் ஊசிமுனை அளவுள்ள துளைகள் சில இருந்தன, அவற்றில் ஒன்றிரண்டில் துரு பூக்கத் தொடங்கியிருக்கிறது. மெல்லிய விளிம்புதான் முதலில் வெள்ளையாக உறையும் இடம் என்பதால், அங்கே கார்பைடு மிஞ்சியிருக்கலாம் என்பது என் ஊகம். வெட்டிப் பார்க்காமல் அதற்குமேல் சொல்வது முறையாகாது. எனாமல் ஒருமுறை சிதறினால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. தோசைக்கும் அது ஏற்றதன்று. கண்ணாடிப் பரப்பில் எண்ணெய்ப் படலம் தங்குவதில்லை, வெறும் பாத்திரத்தைப் பெருந்தீயில் காய வைப்பதும் கூடாது. தோசைக்கல்லைப்போலப் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கும் பொருளை, குழம்புக்கும் மெதுவாகக் கொதிக்க வேண்டிய கறிக்கும் என்று ஒதுக்கி வைப்பதே முறை.

அடுப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அலுமினியத்தின் கால் பங்குக் கடத்தல் உடைய இந்தத் தட்டைச் சிறு பர்னரில் வைத்துப் பெருந்தீயை மூட்டினால், நடுவில் மாவு கருகும், ஓரத்தில் வெந்தும் வேகாமலும் நிற்கும். பெரிய பர்னரில், தீயைத் தணித்து வைத்து, கல் முழுவதும் சூடு பரவக் காத்திருந்து, பிறகுதான் மாவை ஊற்ற வேண்டும். இண்டக்ஷன் அடுப்பில் சூடு ஒரு வளையமாக விழுவதால் இன்னும் பொறுமை வேண்டும். ஆரம்பத்திலேயே உயர்ந்த அளவில் வைத்தால் சூடான வளையம் விரிய, குளிர்ந்த விளிம்பு அதைத் தடுக்க, இழுவிசை தாங்காத வார்ப்பிரும்பில் விரிசல் விழக்கூடும். கல்லின் அடிப்பக்கம் கடையப்படாததால் கண்ணாடித் தளத்தைக் கீறும் அபாயமும் இருக்கிறது. தூக்கி வைக்க வேண்டுமே தவிர, இழுக்கக் கூடாது.

மொத்தத்தில், எண்ணெய்ப் பூச்சை ஓரளவு நன்றாகவும், வார்ப்பை மிக நன்றாகவும் செய்திருக்கிறார்கள். அந்த வரிசை தலைகீழாக இருந்திருந்தால் நான் இதைப் பரிந்துரைத்திருக்க மாட்டேன். தோசை நாள்தோறும் வார்க்கும் வீட்டுக்கும், கல்லைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்கும் பொறுமை உள்ளவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். மணிக்கட்டில் வலி உள்ளவர்கள், முதியவர்கள் 28 செ.மீ. அளவை எடுக்க வேண்டாம். கைப்பிடியும் சேர்ந்து இரண்டு கிலோவைத் தாண்டும் எடையைச் சூடாக இருக்கும்போது ஒரு கையால் நகர்த்துவது ஆபத்து. அவர்களுக்கு 25 செ.மீ. அளவே போதும். அந்த அளவிலும் இதே கனத்தில் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் விட்டத்தோடு கனத்தையும் 3 மி.மீ.க்குக் குறைத்து வார்த்த கற்களையும் அதே கடையில் பார்த்தேன்.

பவுண்டரிக்காரர்களுக்குக் கடைக்காரர் வழியாக மூன்று குறிப்புகளை எழுதி அனுப்பியிருக்கிறேன்: கடைசி வெட்டை மெல்லியதாக ஓட்டுவது, அடிப்பக்கத்து எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சுடுவது, கல்லின் அடியில் தங்கள் பெயரை வார்ப்பது.